வரிச் சீட்டில் ஒரு சொல்

முதலமடைப் பஞ்சாயத்தில் 150 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாந்தோப்புக்கு நடுவே, பழைய ஆட்கள் களம் என்று சொல்லும் இடத்தில், மூன்று படுக்கையறையும் நீளமான திண்ணையுமாக. கேரளத்தில் 2023 ஏப்ரலில் நடப்புக்கு வந்த விகிதப்படி, கிராமப் பஞ்சாயத்துகளில் 300 சதுர மீட்டர் வரையுள்ள வீட்டுக்கு அடிப்படை வரி சதுர மீட்டருக்கு 6 முதல் 10 ரூபாய். உச்ச அளவான 10 ரூபாயையே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 1,500 ரூபாய். நூலக வரி 5 சதவீதம் சேர்ந்தால் 1,575. சாலையின் அகலம், கட்டடத்தின் வயது, வீடு இருக்கும் இடம் என்று கூட்டலும் கழித்தலும் உண்டு. ஆண்டுதோறும் 5 சதவீத ஏற்றமும் உண்டு. எப்படிப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு இரண்டாயிரத்தை ஒட்டித்தான் நிற்கிறது. அதே வீட்டின் ஓர் அறையை டிசம்பர் மாதச் சனிக்கிழமை ஒரு குடும்பத்துக்கு விட்டால் இந்தப் பணம் ஒரே ராத்திரியில் கைக்கு வந்துவிடும்.

வரி இரண்டு மடங்கானாலும் மூன்று மடங்கானாலும் வீட்டுக்காரர் சமாளித்துக்கொள்வார். ஆனாலும் 'வீட்டை வேற வகையில போட்டுடுவாங்க' என்ற பேச்சு எழுந்தால் கலங்கிப்போகிறார். கலக்கத்துக்குக் காரணம் தொகை இல்லை. வரிச் சீட்டில் 'குடியிருப்பு' என்று இருக்கும் இடத்தில் வேறொரு சொல் ஏறிவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டு மின்கட்டணம், கட்டட விதி, உரிமம், சில ஊர்களில் நிலத்தின் பட்டாவும்கூட ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விக்கு வரும். சில நாள் வாடகைக்கு விடப்படும் வீடுகளின் வரி வகையை மாற்றுவது பற்றி உலகில் பல இடங்களில் வாக்குவாதம் நடக்கிறது. அங்கெல்லாம் சண்டை பெரும்பாலும் எவ்வளவு என்பதைப் பற்றியது. கேரளத்தின் மலையோரத்தில் அது என்ன பெயர் என்பதைப் பற்றியது.

முதலமடையைத் தெரியாதவர்களுக்கும் அதன் மாங்காயைத் தெரிந்திருக்கும். இந்தியாவில் மற்ற ஊர் மாமரங்கள் பூப்பெடுத்து நிற்கும்போதே இங்கே காய் பறித்துப் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார்கள். சித்தூர் தாலுகாவில், நெல்லியாம்பதி மலைக்கும் பொள்ளாச்சி எல்லைக்கும் நடுவே, சுள்ளியாறு, மீன்கரை அணைகளை வைத்துக்கொண்டு கிடக்கிறது ஊர். கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் புழங்கும். பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் இந்தப் பஞ்சாயத்தின் எல்லைக்குள்தான் வருகிறது. ஆனால் அங்கே போகிறவர்கள் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். சொந்தப் பஞ்சாயத்தின் இன்னொரு மூலைக்குப் போக வேறு மாநிலத்தைச் சுற்றிக்கொண்டு போகும் ஊர் இது.

ஆலமரங்கள் நிழல் விரித்த முதலமடை ரயில் நிலையம் சினிமாக்காரர்களுக்கு வெகுகாலமாகப் பழக்கம். கூட்டம் வேறு வழியாக வந்தது. இந்தியாவின் அழகான பத்துக் கிராமங்கள் என்று 2023இல் சமூக ஊடகத்தில் ஒரு பட்டியல் சுற்றியது. அதில் பக்கத்து ஊரான கொல்லங்கோடு இருந்தது. பட்டியலை யார் எந்த அளவுகோலில் போட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வயலும் மலையும் சீதார்குண்டு அருவியும் பார்க்க வாரக் கடைசியில் கார்கள் வரிசைகட்டின. வந்தவர்களுக்கு ராத்திரி தங்க இடம் வேண்டியிருந்தது. இலைப்பேனும் காலம் தவறிய மழையும் சேர்ந்து மாம்பூவைக் கொட்டவைத்த ஆண்டுகள் அவை. தோப்பு நஷ்டமானால் தோப்பு வீட்டின் காலி அறையாவது நாலு காசு தரட்டும் என்று ஒருவர் நினைத்தால் அதில் வியப்பில்லை.

இந்த இடத்தில் வரிச் சட்டம் எப்படி வளர்ந்தது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முன்பு கேரளத்தில் கட்டட வரியை ஆண்டு வாடகை மதிப்பை வைத்துப் போட்டார்கள். இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்பதுதான் அந்த முறையின் கேள்வி. மதிப்பிடுகிறவரின் மனசுக்குத் தகுந்தபடி தொகை மாறியது, வழக்குகள் குவிந்தன. 2011இல் வந்த சொத்து வரி விதிகள் அந்தக் கேள்வியையே தூக்கி எறிந்துவிட்டு, தரைப்பரப்பு எத்தனை சதுர மீட்டர், கட்டடத்தின் பயன்பாடு என்ன என்ற இரண்டையே முதன்மையாக வைத்துக்கொண்டன. அளவுநாடா பொய் சொல்லாது என்பதால் அது நல்ல சீர்திருத்தம்தான். ஆனால் வீடுகள் உண்மையிலேயே நாள் வாடகை சம்பாதிக்கத் தொடங்கிய அதே பத்தாண்டில், வாடகையைப் பற்றிக் கேட்பதைச் சட்டம் நிறுத்திவிட்டது. மிச்சம் இருப்பது 'பயன்பாடு' என்ற ஒரே கட்டம். முழு பாரமும் அந்தக் கட்டத்தின் தலையில் விழுந்திருக்கிறது.

அந்தக் கட்டத்தில் எழுதுவதற்கு 2019ஆம் ஆண்டின் பஞ்சாயத்துக் கட்டட விதிகள் சில வகைகளைத் தருகின்றன. ஏ-1 என்றால் வசிக்கும் வீடு. ஏ-2 என்றால் தங்கும் விடுதி. வரி விகிதத்தில் வீட்டுக்கும் விடுதிக்கும் பல மடங்கு தூரம். சரி, விருந்தாளிக்கு இரண்டு அறையும் தனக்கு இரண்டு அறையுமாக வைத்துக்கொண்டு, காலையில் இட்லி ஊற்றிக் கொடுத்துக் காசு வாங்கும் குடும்பத்தின் வீடு எந்த வகை?

கேரளச் சுற்றுலாத் துறை இதற்கு வெகுநாள் முன்பே ஒரு பதில் வைத்திருந்தது. ஹோம்ஸ்டே என்ற சொல்லை நாட்டில் பரவலாக்கிய மாநிலங்களில் கேரளத்துக்கு முன்வரிசை இடம் உண்டு. வைரம், தங்கம், வெள்ளி என்று மூன்று தரங்களில் அங்கே ஹோம்ஸ்டேக்களுக்குச் சான்று கொடுக்கிறார்கள். ஒன்றிய அரசின் சுற்றுலா அமைச்சகத்துக்கும் இதேபோன்ற திட்டம் இருக்கிறது. அதில் விருந்தாளிக்கு விடும் அறைகள் ஆறுக்கு மேல் போகக் கூடாது. இரண்டு திட்டங்களுக்கும் உயிர்நாடி ஒன்றுதான்: வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்க வேண்டும். வசித்தால் அது வீடுதான், வருமானம் வந்தாலும் வீடுதான். கேரள மின்கட்டண ஆணையும் இதே வழியில் போகிறது. சுற்றுலாத் துறை அங்கீகரித்த ஹோம்ஸ்டேக்கு வீட்டு மின்கட்டணம்தான். உரிமையாளர் வசிக்காமல் முழு வீட்டையும் விடுகிறவர்களுக்கு சர்வீஸ்டு வில்லா என்று தனியாக ஒரு வகைப்பாடு இருக்கிறது.

பரப்பை அளப்பதைவிட, அறைகளை எண்ணுவதைவிட, ராத்திரி வீட்டுக்காரர் அங்கே படுக்கிறாரா என்று கேட்பது நியாயமான அளவுகோல். சொந்த வீட்டில் இருந்துகொண்டு விருந்தாளியை ஏற்கும் குடும்பம் பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுக்காது. குழாயில் தண்ணீர் வராத நாளில் முதலில் அவதிப்படுவதும் அந்தக் குடும்பம்தான். ஆளில்லாத வீட்டின் சாவி ஒரு பூட்டுப்பெட்டியில் தொங்கும்போதுதான் வீடு என்ற சொல் பொருந்தாமல் போகிறது. கொள்கையில் கேரளம் சரியான கோட்டைப் போட்டிருக்கிறது. சிக்கல் அந்தக் கோட்டை யார் காவல் காப்பது என்பதில்.

சான்று கொடுப்பது சுற்றுலாத் துறை. வரி போடுவது பஞ்சாயத்து. மின்கட்டண வகையை முடிவு செய்வது மின்வாரியம். 1975ஆம் ஆண்டின் கேரளக் கட்டட வரிச் சட்டப்படி ஒரே ஒருமுறை செலுத்தும் வரியை விதிப்பது வருவாய்த் துறையின் தாசில்தார். ஆக, ஒரு வீட்டுக்கு நான்கு புத்தகங்கள். பஞ்சாயத்தின் புத்தகத்தில் சுவர்கள் இருக்கின்றன, ஆட்கள் இல்லை. வீட்டுக்காரர் கோயம்புத்தூருக்கோ துபாய்க்கோ குடிபோய் ஐந்து வருஷம் ஆனாலும் அங்கே அது ஏ-1 ஆகவே இருக்கும். இன்னொரு பக்கம், வயதான தம்பதியர் ஓர் அறையை மட்டும் விடுகிற வீட்டைப் பார்த்து, வாசலில் பலகை தொங்குகிறதே என்று விடுதியாக மாற்றச் சொல்வதற்கும் வழி திறந்திருக்கிறது. பலகை வைத்தவர் மாட்டிக்கொள்கிறார். செல்பேசிச் செயலியில் மட்டும் படம் போட்டவர் தப்பிக்கிறார்.

இன்னொரு முரணையும் சொல்ல வேண்டும். 1975 சட்டத்தின் ஒரு பிரிவு, 1999 ஏப்ரல் 1க்குப் பிறகு கட்டப்பட்ட, 278.7 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வீடுகளுக்கு ஆண்டுதோறும் கூடுதலாக ஒரு வரி போடுகிறது. ஊர்வழக்கில் ஆடம்பர வரி. இது குடியிருப்புகளுக்கு மட்டுமே உரியது. அப்படியானால் ஒரு பெரிய பண்ணை வீடு விடுதியாக மாறினால் பஞ்சாயத்து வரி ஏறும், ஆடம்பர வரி கழன்றுகொள்ளும். குடும்பம் குடியிருந்தால் ஆடம்பரம், காசுக்கு விட்டால் இல்லை. சட்டம் எழுதியவர்கள் இப்படி நினைத்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் பெரிய வீட்டைக் கட்டியவர் அதில் வசிப்பார் என்றே எல்லோரும் நம்பினார்கள்.

முதலமடையிலிருந்து இடுக்கிக்குப் போனால் அதே சொல்லின் எடை பல மடங்கு கூடிவிடுகிறது.

மூணாறு, தேவிகுளம், மறையூர், காந்தளூர், வட்டவடை என்று தமிழ் பேசும் மலைக் கிராமங்களின் நிலம் பெரும்பாலும் யாருக்கும் சும்மா சொந்தமாகிவிடவில்லை. தேயிலைக் கம்பெனியின் நிலம், வனத்துறையின் நிலம் போக, குடியானவர்கள் கையில் இருப்பதில் பெரும்பகுதி அரசு ஒதுக்கிக் கொடுத்த பட்டா நிலம். 1964ஆம் ஆண்டின் நில ஒதுக்கீட்டு விதிகளின்படி பட்டா கொடுக்கப்பட்டது மூன்று காரியங்களுக்கு: சொந்தமாகப் பயிர் செய்ய, வீடு கட்ட, பக்கத்து நிலத்தை அனுபவிப்பதற்குத் துணையாக. கடை, விடுதி, ரிசார்ட் இவை எதுவும் அதில் இல்லை. கொடுத்த காரியத்தை மீறினால் பட்டாவை ரத்து செய்யலாம்.

இந்தப் பின்னணியில் பஞ்சாயத்து அலுவலகத்துக் கணினியில் 'குடியிருப்பு' என்பதை 'விடுதி' என்று மாற்றுவது எதில் போய் முடியும் என்று பாருங்கள். வீட்டுக்காரர் கூடுதல் வரி கட்டி ரசீது வாங்குகிறார். அந்த ரசீதே அவர் பட்டா நிபந்தனையை மீறியதற்கு எழுத்து மூலமான சாட்சி. நேர்மையாக வரி கட்டியவர் தன் நிலத்துக்கு எதிராகத் தானே கையெழுத்துப் போட்டுக்கொடுக்கிறார். அப்புறம் யார் முன்வந்து சொல்வார்கள்?

வரலாறு இந்தப் பயத்துக்கு ஆதாரம் தந்திருக்கிறது. 2007இல் முதலமைச்சர் வி. எஸ். அச்சுதானந்தன் மூணாற்றில் ஆக்கிரமிப்புகளை இடிக்க மூன்று அதிகாரிகளை அனுப்பினார். கே. சுரேஷ்குமார், ரிஷிராஜ் சிங், ராஜு நாராயணசாமி. மலையாளப் பத்திரிகைகள் அவர்களைப் பூனைகள் என்று அழைத்தன. ரிசார்ட்டுகள் தொலைக்காட்சி கேமராக்களின் முன்னால் இடிந்து விழுந்தன. சில வாரங்களில் அரசியல் குறுக்கே வந்து இயந்திரங்கள் நின்றன. 2010இல் கேரள உயர் நீதிமன்றம் மூணாறு வட்டாரத்தில் கட்டடம் கட்ட வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும் என்றது. 2019 ஆகஸ்டில் அரசு ஆணை ஒன்று வந்தது: இடுக்கியில் எந்தக் காரியத்துக்குப் பட்டா கொடுக்கப்பட்டதோ அதற்கு மட்டுமே கட்டட அனுமதி. மாவட்டம் முழுக்க எதிர்ப்புக் கிளம்பியது. வெகுகாலமாகக் கடை வைத்திருந்தவர்கள் தங்கள் கடையின் பெயர் வீடு என்பதை அப்போதுதான் உறுதியாகத் தெரிந்துகொண்டார்கள்.

இதை அவிழ்க்க, நில ஒதுக்கீட்டுச் சட்டத்துக்கு 2023 செப்டம்பரில் சட்டமன்றம் ஒரு திருத்தம் நிறைவேற்றியது. பயன்பாடு மாறிய நிலத்தை ஒழுங்குபடுத்த அது வழி செய்கிறது. ஆளுநரின் ஒப்புதல் 2024 ஏப்ரலில் வந்தது. நடைமுறை விதிகளுக்கு அமைச்சரவை இசைவு தந்தது 2025 ஆகஸ்டில். வீடுகளைக் கட்டணமில்லாமல் ஒழுங்குபடுத்துவதும் பெரிய வணிகக் கட்டடங்களுக்குக் கட்டணம் வாங்குவதும் அதன் போக்கு. ஆக, வீடா விடுதியா என்ற கேள்வி இப்போது இன்னொரு வாசல் வழியாகத் திரும்பி வருகிறது. காந்தளூர் 2023இல் ஒன்றிய அரசின் சிறந்த சுற்றுலாக் கிராமப் போட்டியில் தங்கம் வாங்கிய ஊர். பூண்டுக்கும் ஆப்பிளுக்கும் பேர்போன அந்த ஊரில் விருந்தாளிக்கு இரண்டு அறை ஒதுக்கிய குடியானவர் எந்த வரிசையில் போய் நிற்பார்? சுற்றுலாத் துறையின் கணக்கில் அவர் வீட்டுக்காரர். வருவாய்த் துறையும் அப்படியே நினைத்தால் நல்லது. நினைக்கும் என்று எந்தத் தாளிலும் உறுதி எழுதப்பட்டிருந்தால் அவர் நிம்மதியாகத் தூங்குவார்.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தைப் பக்கவாட்டிலிருந்து தொட்டிருக்கின்றன. வீட்டில் வைத்திருக்கும் வழக்கறிஞர் அலுவலகம் வணிகம் ஆகுமா என்பது மத்தியப் பிரதேசத்திலிருந்து மின்கட்டண வழக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆகாது என்று 2005இல் தீர்ப்பு வந்தது. கேரளத்தின் 1975 சட்டத்தின்கீழ் கன்னியாஸ்திரிகள் தங்கும் மடத்துக்கும் கல்வி நிலையத்தை ஒட்டிய விடுதிக்கும் வரிவிலக்கு உண்டா என்று ஒரு வழக்கு. நீதிபதி ரோஹின்டன் நாரிமன் அமர்வு 2021 மார்ச்சில் உண்டு என்றது. கட்டடத்துக்குள் ஆட்கள் தூங்குகிறார்கள் என்பதை மட்டும் பார்க்காதே, எந்தக் காரியத்தோடு அது சேர்ந்தது என்று பார் என்பது அதன் சாரம். பெண்கள் விடுதிக்கு ஜிஎஸ்டி கிடையாது, அது வசிப்பிடம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் சொன்னது. சொத்து வரியிலும் மின்கட்டணத்திலும் விடுதிகளை வணிகமாக நடத்தக் கூடாது என்று அதே நீதிமன்றம் 2025இல் இன்னும் ஒரு படி மேலே போனது. கோவையிலும் சென்னையிலும் விடுதி நடத்துகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால் இந்தத் தீர்ப்புகளை ஹோம்ஸ்டேக்கு அப்படியே எடுத்துப் போர்த்த முடியாது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த விடுதி அறைதான் வீடு. மாதக்கணக்கில் அங்கே இருக்கிறாள், ரேஷன் அட்டை வேறெங்கோ இருந்தாலும் அவள் தூங்குவது அங்கேதான். சீதார்குண்டு பார்க்க வந்தவருக்கு முதலமடை அறை வீடில்லை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பிவிடுவார். அதனால் தங்குகிறவரை வைத்து அந்தக் கட்டடம் வசிப்பிடம் என்று வாதாட வழியில்லை. வாதாட முடிந்தது தங்கவைக்கிறவரை வைத்து மட்டும்தான். மறுபடியும் அதே இடத்துக்கு வந்து சேர்கிறோம்: வீட்டுக்காரர் இருக்கிறாரா?

வெளிநாட்டுக் கதைகளில் இரண்டு இங்கே உதவும். ஒன்று வேல்ஸ். அங்கே வீட்டுக்குக் கவுன்சில் வரி, தொழிலுக்குத் தொழில் வரி. சிறு தொழிலுக்குச் சலுகை தாராளம். எனவே விடுமுறை வீடு வைத்திருந்த பலர் தங்கள் வீட்டைத் தொழில் என்று எழுதிக்கொண்டு எந்த வரியும் இல்லாமலோ கொஞ்சமாகவோ தப்பித்தார்கள். ஆண்டுக்கு 70 நாள் வாடகைக்குப் போனால் போதும் என்று இருந்த விதியை 2023 ஏப்ரலில் 182 நாளாக உயர்த்தினார்கள். 252 நாள் வாடகைக்குத் தயாராகவும் இருக்க வேண்டும். தவறினால் வீடு மறுபடியும் வீடாகிவிடும், இரண்டாம் வீடுகளுக்குக் கவுன்சில்கள் 300 சதவீதம் வரை கூடுதல் வரி போடலாம். மூணாற்றில் ஒருவர் தன் கட்டடம் வீடு என்று மன்றாடுகிறார். வேல்ஸில் ஒருவர் தன் வீடு தொழில் என்று மன்றாடினார். எந்தப் பெயர் மலிவோ அந்தப் பெயரைத்தான் மனிதன் சொல்வான்.

மற்றொன்று அமெரிக்காவின் கொலராடோ. அந்த மாநிலத்தில் சண்டை நேரடியாகத் தொகையைப் பற்றியது. 2024இல் அங்கே வீட்டின் மதிப்பில் ஏறக்குறைய 7 சதவீதத்தின் மீதுதான் வரி கணக்கிட்டார்கள். ஹோட்டல் என்றால் 28, 29 சதவீதத்தின் மீது. ஆண்டில் 90 நாளுக்கு மேல் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் வீட்டை ஹோட்டல் வகையில் சேர்க்க 2024இல் அம்மாநில செனட்டில் ஒரு மசோதா வந்தது. வரி நாலு மடங்காகும் என்று கேட்டவுடன் பனிச்சறுக்கு ஊர்களின் வீட்டுக்காரர்கள் திரண்டார்கள். மசோதா நிறைவேறவில்லை. பார்சிலோனா நகரம் வரியோடு விளையாடவே இல்லை. 10,101 சுற்றுலா அடுக்ககங்களின் உரிமத்தை 2028 நவம்பருக்குள் இல்லாமல் செய்வதாக 2024இல் அறிவித்தது. உள்ளூர்க்காரர்களுக்கு வாடகை வீடு கிடைக்காத நகரத்தின் வழி அது. முதலமடையின் பிரச்சினை வேறு.

வேல்ஸிலும் கொலராடோவிலும் கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. எத்தனை ராத்திரி விடப்பட்டது என்பதை அவர்கள் அளவுகோலாக எடுத்தார்கள். இந்தியாவில் அந்தக் கணக்கு இல்லாமல் இல்லை, பஞ்சாயத்திடம் இல்லை, அவ்வளவுதான். ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறிய ஹோம்ஸ்டேக்காரர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் அவர் அறையை ஒரு செயலி விற்றால் அவருக்குப் பதிலாக அந்தச் செயலிதான் வரி கட்ட வேண்டும். 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 12 சதவீதமாக இருந்த அந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். ஆக, எந்த வீட்டில் எத்தனை ராத்திரி யாரோ தங்கினார்கள் என்பது செயலிக்காரர்களின் கணினிக்குத் தெரியும், அவர்கள் கட்டும் வரியின் நிழலாக அரசுக்கும் தெரியும். அந்த அறையின் கழிவுநீரை, வாசலில் நிற்கும் காரை, ஞாயிறு காலைக் குப்பையைத் தாங்கும் கிராமப் பஞ்சாயத்துக்கு மட்டும் தெரியாது. ஜிஎஸ்டியில் அதற்கு நேரடியாக ஒரு பங்கும் கிடையாது. சொத்து வரியைத்தான் நம்பியிருக்கிறது, அந்தச் சொத்து வரியோ 1,575 ரூபாயில் நிற்கிறது.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் காட்டோரக் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் சுற்றுலாப் பயணி யானை தாக்கி இறந்தார். அதற்குப் பிறகுதான் எந்த இடத்துக்கு என்ன உரிமம் இருக்கிறது என்று மாவட்ட நிர்வாகம் விரட்டிப் பார்த்தது. முதலமடையின் தோப்புகளும் காட்டை ஒட்டியவைதான், மாம்பழ வாசனைக்கு யானை வருவது புதிதில்லை. எந்த வீட்டில் இன்று ராத்திரி வெளியூர் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வரிக்கு அப்பாலும் காரணம் இருக்கிறது.

பரம்பிக்குளத்தின் கதை எல்லாவற்றிலும் வினோதமானது. காப்பகத்துக்குள் விருந்தாளிகளுக்கு இடம் கொடுப்பது வனத்துறை. தூணக்கடவின் மரவீடும் ஏரிநடுத் தீவுக் குடிலும் அவர்களுடையவை. வழிகாட்டிகளாகவும் படகோட்டிகளாகவும் காடர், மலசர், மலைமலசர், முதுவர் குடியிருப்புகளின் இளைஞர்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களின் சொந்த வீட்டில் விருந்தாளி தங்கினால் என்ன? ஒன்றிய அரசு பழங்குடியினர் கிராமங்களுக்கான திட்டத்தின்கீழ் நாடு முழுவதும் 1,000 ஹோம்ஸ்டேக்களை ஊக்குவிப்பதாக அறிவித்திருக்கிறது. புதிதாக இரண்டு அறை கட்ட 5 லட்சம் ரூபாய் வரை, பழையதைச் செப்பனிட 3 லட்சம் வரை உதவி. கேட்க நன்றாக இருக்கிறது.

ஆனால் காட்டுக்குள் அவர்களின் நிலவுரிமை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்திலிருந்து வருகிறது. அந்தச் சட்டம் தனிமனித உரிமையை இரண்டு காரியங்களுக்குத் தருகிறது: குடியிருக்க, பிழைப்புக்குப் பயிர் செய்ய. இடுக்கிப் பட்டாவின் வாசகத்தை நினைவுபடுத்தும் வாசகம் இது. அதோடு கேரளத்தில் 60 சதுர மீட்டர் வரையுள்ள, உரிமையாளர் வசிக்கும் வீட்டுக்கு 2023 முதல் சொத்து வரியே இல்லை. இந்தக் குடியிருப்புகளில் பெரும்பாலான வீடுகள் அந்த அளவுக்குள்தான். விருந்தாளிக்கு ஓர் அறை சேர்த்துக் கட்டினால் பரப்பு 60ஐத் தாண்டும், 'பயன்பாடு' என்ற கட்டமும் ஆடும். அரசின் ஒரு கை 5 லட்சம் கொடுத்து அறை கட்டச் சொல்கிறது, இன்னொரு கையில் வகை மாற்றும் பேனா இருக்கிறது. இரண்டு கையும் ஒரே உடம்புதான் என்பதை யாராவது எழுத்தில் போட்டுக் கொடுக்க வேண்டும். அதுவரை, குடியிருப்பின் தலைவரான புத்தியுள்ள ஒரு மூப்பன் அந்த அறையைக் கட்டத் தயங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

எல்லைக்கு அந்தப் பக்கமும் பார்க்கலாம். சென்னை மாநகரின் பழைய பகுதிகள் தவிர மற்றத் தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் 2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தியபோது வீடுகளுக்கு அளவைப் பார்த்தார்கள். 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,200க்குள் 50, 1,800க்குள் 75, அதற்கு மேல் 100. வணிகக் கட்டடம் என்றால் அளவு கேட்காமல் 100. கொடைக்கானலில் ஒரு சிறிய வீட்டுக்காரர் தன் பின்கட்டை விருந்தாளிக்கு விட்டு அது வணிகம் என்று எழுதப்பட்டால், சிறியவருக்கான சலுகையை அந்த ஒரு சொல்லில் இழக்கிறார். பெரிய பங்களாக்காரருக்கு எந்தப் பெயரானாலும் நூறுதான். வகை மாற்றத்தின் அடி கீழே இருக்கிறவர் மேல்தான் கனமாக விழுகிறது.

இவ்வளவையும் பார்த்தால், முதலமடை போன்ற ஊருக்குப் பொருத்தமான வழி ஒன்றும் மாயமாகத் தெரியவில்லை. வீட்டுக்காரர் வசிக்கும் ஹோம்ஸ்டேயை வரியிலும் பட்டாவிலும் மின்கட்டணத்திலும் குடியிருப்பாகவே வைத்துக்கொள்வது, அதை எல்லாத் துறைகளையும் கட்டுப்படுத்தும் ஒரே ஆணையாகப் போடுவது. யாரும் வசிக்காமல் நாள் வாடகைக்கு மட்டுமே ஓடும் தோப்பு பங்களாக்களை, ராத்திரிக் கணக்கை வைத்து, தனி வகையாக எடுத்து, அதற்கேற்ற வரி வாங்குவது. சர்வீஸ்டு வில்லா என்று சுற்றுலாத் துறை ஏற்கெனவே வைத்திருக்கும் பெயரைப் பஞ்சாயத்தின் வரிப் புத்தகத்துக்குள் கொண்டுவந்தால் பாதி வேலை முடியும். கிராமப் பஞ்சாயத்துகள் 2025 ஏப்ரல் முதல் கே-ஸ்மார்ட் என்ற பொதுவான கணினி அமைப்புக்கு மாறியிருக்கின்றன. பழைய லெட்ஜரில் இப்படி ஒரு கட்டம் சேர்ப்பது கடினமாக இருந்திருக்கலாம், இப்போது அந்தச் சாக்குச் செல்லாது.

சேர்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தானாக முன்வந்து தன் வீட்டின் பயன்பாட்டைச் சொல்கிறவருக்கு, சொன்னதாலேயே பழைய ஆண்டுகளின் கணக்கைத் தோண்டி நோட்டீஸ் அனுப்பக் கூடாது. கேரளத்தில் அனுமதியில்லாக் கட்டடங்களுக்கு யூஏ எண் கொடுத்துத் தண்டனை வரி வாங்கும் பழக்கம் உண்டு. அந்த இரண்டு எழுத்தைப் பார்த்தால் வங்கி கடன் தரத் தயங்கும், வாங்க வருகிறவரும் தயங்குவார். ஹோம்ஸ்டேக்காரர்கள் அந்த இரண்டு எழுத்துக்குத்தான் அதிகம் அஞ்சுகிறார்கள்.

பஞ்சாயத்தில் சொத்து வரியை அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுவார்கள், இரண்டாம் பாதிக்குக் கடைசி நாள் மார்ச் 31. முதலமடையில் அது மாங்காய் லாரிகள் கோவிந்தாபுரம் வழியாக இடைவிடாமல் போய்க்கொண்டிருக்கும் நேரம். விடுமுறைக் கார்கள் எதிர்த்திசையில் வரத் தொடங்கும் நேரமும்கூட. ரசீது வாங்குகிறவர் தொகையை ஒருமுறை பார்ப்பார், பிறகு கொஞ்சம் மேலே, பயன்பாடு என்ற வரியில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பார்.